லாபம் மாதாமாதம் மாறும், படிவம் மாறாது

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய் வந்த பயணம் எப்படி என்று கேட்கிறார்கள். வீடு, சாப்பாடு, ரயில் எல்லாம் சரி. வங்கிக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவில் தகப்பனில்லாத பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு பள்ளிவாசல் நிதி இருக்கிறது. முதல் என் பெயரில் கிடக்கட்டும், லாபம் மட்டும் அங்கே போகட்டும் என்று அங்கே ஒரு வங்கியின் இஸ்லாமியப் பிரிவில், வட்டிக்குப் பதில் லாபத்தில் பங்கு தரும் முழாரபா கணக்குத் திறக்கப் போனேன். (முதலுக்கு வருடாவருடம் கொடுக்க வேண்டிய 2.5 வீத சகாத் என்ற கடமைத் தருமம் வேறு, அதை இதில் கழிக்க முடியாது.)

கவுண்டரில் பொட்டு வைத்த ஒரு தங்கச்சி. துண்டுக் கடதாசியைத் திருப்பிப் போட்டுக் கோடு கீறினாள். "உங்கட காசை வங்கி தொழிலில போடும், சேர். வாற லாபத்தைப் பேசின விகிதத்தில பிரிப்பம். நட்டம் வந்தா, எங்கட கவனக்குறைவு இல்லாட்டி, அது உங்கட முதலில. அதால மாசம் முடிஞ்சாத்தான் எவ்வளவு எண்டு சொல்லுவம்." லண்டனில் 'எதிர்பார்க்கும் லாப வீதம்' என்று பெரிய எழுத்தில் போடுவார்களே தவிர, இப்படி ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். லாபத்தை மாதாமாதம் தானாகவே நிதிக்கு அனுப்பும் ஸ்டாண்டிங் ஓடர் கேட்டால், படிவத்தில் நிலையான ஒரு தொகை எழுத வேண்டுமாம். லாபமோ மாதத்துக்கு ஒன்று! "போன மாதத்துத் தொகையைப் போடுங்கோவன்," என்றார் உள்ளே இருந்த பெரியவர். லாபம் குறைந்த மாதத்தில் அது என் முதலிலேயே அல்லவா கை வைக்கும்? அப்புறம் வங்கி காசு அனுப்பும் தரும நிறுவனங்களின் பட்டியலைக் காட்டினார். எல்லாம் கொழும்பு. 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் சனம் திரும்பி வந்து குடியிருக்கும் தெருவுக்கு அதில் ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. லண்டனில் தருமப் படிவத்தில் கிஃப்ட் எயிட் என்ற வரிச் சலுகைக் கட்டத்தில் சரி போட்டால், நான் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கமே 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். இங்கே என் லாபத்தை நானே கொடுக்க வழியில்லை.

தங்கச்சிதான் விடவில்லை. கொழும்புக்கு அடித்து, நெடுநேரம் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மற்றவர்களின் காசையும் எண்ணி, கடைசியில் வழி கேட்டுச் சொன்னாள்: லாபம் வரவு வைக்கும் கணக்கு என்ற இடத்தில் நிதியின் இலக்கத்தையே எழுதலாமாம். நிர்வாகியின் கையெழுத்தும் பள்ளிவாசல் முத்திரையும் மட்டும் வேண்டும்.

நிர்வாகி கலியாணத்துக்குப் புத்தளம் போயிருந்தார். முத்திரை அவருடைய அலுமாரிக்குள். படிவத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.