களிமண்ணா, காய்கறி அச்சா, காகித மடிப்பா, காகிதக்கூழா? தொடக்கப் பள்ளிக் கைவேலைகள்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கும் கைவேலைக்கும் தனி ஆசிரியர் கிடையாது. 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியவர்களே. ஆகவே தமிழும் கணக்கும் நடத்துகிற வகுப்பாசிரியரே கைவேலையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதே 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு என்பதால், சிறிய ஊர்களில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புக் குழந்தைகள் சேர்ந்து உட்கார்ந்திருப்பது இயல்பான காட்சி. எந்தக் கைவேலை சிறந்தது என்று ஒப்பிட முனைகிறவர் இந்த அறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். பத்துக் குழந்தைகளும் இரண்டு உதவியாளர்களும் இருக்கிற தனியார் பயிற்சி முகாமில் எதுவுமே நன்றாகத்தான் நடக்கும்.

பொதுவாக இத்தகைய ஒப்பீடுகள் பொருளின் விலையில் தொடங்கும். இங்கே எடுத்துக்கொண்டுள்ள நான்குமே, அதாவது களிமண், காய்கறி அச்சு, காகித மடிப்பு, காகிதக்கூழ் ஆகியவை, ஏறத்தாழச் செலவில்லாதவை என்பதால் விலை அவற்றைப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுபவை வேறு. 40 நிமிடப் பாடவேளையில் குழந்தையின் கை எத்தனை நிமிடம் வேலை செய்கிறது, எத்தனை நிமிடம் "டீச்சர், எனக்கு, எனக்கு" என்று காத்துக்கிடக்கிறது என்பது முதலாவது. என்ன செய்வது என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறதா, ஆசிரியர் தீர்மானித்ததை அது நகலெடுக்கிறதா என்பது இரண்டாவது. வேலை முடிந்தபின் அறையும் கைகளும் எப்படி இருக்கும், செய்த பொருளை எங்கே உலர வைப்பது என்பது மூன்றாவது. மேலோட்டமாகப் பார்த்தால் இந்த மூன்றாவது அற்பமாகத் தோன்றும்; பல பள்ளிகளில் கைவேலை நின்றுபோவதற்கு அதுவே காரணம்.

ஃபேன்சி ஸ்டோரில் விற்கிற கைவினைப் பெட்டிகளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. முன்கூட்டியே வெட்டிவைத்த ஃபோம் துண்டுகளை எண்களின்படி ஒட்டுவதில் குழந்தை செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. வீட்டில் அம்மாவோ அண்ணனோ இரவு பத்து மணிக்குச் செய்துமுடித்துக் காலையில் குழந்தையின் கையில் கொடுத்தனுப்புகிற 'ப்ராஜெக்ட்' மாதிரிகளும் அந்த வகைதான்.

களிமண்ணிலிருந்து தொடங்கலாம். ஒரு குழந்தைக்குக் கைப்பிடி அளவு, ஏறத்தாழ 300 கிராம் களிமண் போதும் என்று கொண்டால், 30 குழந்தைகளுக்கு 9 கிலோ வேண்டும். ஒரு வாளியில் அடங்குகிற அளவு. பக்கத்தில் மண்பாண்டம் வனைகிற வேளார் குடும்பம் இருந்தால் பிசைந்த மண்ணையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் அளவாக மணல் கலந்திருப்பதால் விரிசலும் குறையும். குளத்து மண்ணை நாமே எடுப்பதானால் கல், வேர், சிப்பி ஆகியவற்றை நீக்கி, தண்ணீரில் ஊறவைத்து, பழைய துணியில் கொட்டி நீரை வடியவிட்டுப் பிசைய வேண்டும். மண் பதமாக இருக்கிறதா என்பதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பென்சில் பருமனுக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்தால், உடையாமல் வளைகிற மண் நல்ல மண்; வெடித்துப் பிளந்தால் ஈரம் போதவில்லை அல்லது மணல் அதிகம்.

களிமண்ணின் பெரிய பலம், அது கையில் வந்த மறுகணமே வேலை தொடங்கிவிடுவது. உருட்டு, நீட்டு, தட்டு என்ற மூன்று அசைவுகளை முதல் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. உருண்டையின் நடுவே கட்டைவிரலை அழுத்திச் சுற்றிலும் கிள்ளிக்கொண்டே வந்தால் கிண்ணம். திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கினால் பானை, ஆனால் இது மூன்றாம் வகுப்புக்கு மேல்தான் சரிவரும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஒட்டுவேலையைக் கற்றுக்கொடுக்கலாம். யானையின் உடலில் தும்பிக்கையைச் சும்மா அழுத்தி ஒட்டினால் காயும்போது அது கழன்று விழும் என்பதால், இரு பரப்புகளையும் ஈர்க்குக்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கூழாகக் கரைத்த மண்ணை நடுவில் தடவி அழுத்த வேண்டும். இதை ஒருமுறை தெரிந்துகொண்ட குழந்தை பிறகு எதை வேண்டுமானாலும் ஒட்டும். அன்றைக்கு வகுப்பில் ஆளுக்கொரு விலங்கு பிறக்கும், ஒன்றுபோல் இன்னொன்று இராது. அதைவிடவும் முக்கியமானது, பிடிக்காவிட்டால் பிசைந்து உருட்டி மறுபடி தொடங்கலாம் என்பது. கோடு தவறிவிட்டதே என்று அழிப்பானைத் தேடுகிற, தாள் கிழிகிற வரை அழிக்கிற குழந்தைக்கு இந்தச் சலுகையைக் களிமண் அளவுக்கு வேறெதுவும் தருவதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. முப்பது குழந்தைகள் ஒரே குழாயில் கை கழுவினால் அடுத்த பாடவேளை போய்விடும், கழுவிய மண் வடிகாலையும் அடைக்கும். இரண்டு வாளித் தண்ணீரை வராந்தாவில் வைத்து, முதல் வாளியில் மண்ணைப் போக்கி இரண்டாவதில் அலசச் சொல்லி, தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடியில் தங்கிய மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஒன்றே இதற்கு நான் அறிந்த நல்ல வழி. உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், அந்த இழுபறியில் விரிசல் விழும். ஆகவே நிழலில், முதல் நாள் ஈரத்துணியால் மூடி, மெதுவாகக் காயவிட வேண்டும். சூளையில் சுடாத களிமண் தண்ணீர் பட்டால் கரையும் என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் பொருளாக அது நீடிப்பதில்லை. களிமண்ணுக்குப் பதிலாக மைதாவும் உப்பும் பிசைந்த மாவை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் உப்பு நீரை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பொம்மைகள் பிசுபிசுத்துப்போகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காய்கறி அச்சு இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. களிமண்ணில் குழந்தை உருவத்தை இல்லாமையிலிருந்து கொண்டுவருகிறது. அச்சில் உருவம் முன்பே இருக்கிறது, அதை எங்கே, எத்தனை முறை, எந்த வரிசையில் வைப்பது என்பது மட்டுமே குழந்தையின் வேலை. இதனால் 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்குகிற குழந்தைக்கு அச்சைவிட நல்ல நுழைவாயில் இல்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து விளிம்புள்ள பூ, பாகற்காயில் கரடுமுரடான வளையம், வெங்காயத்தில் வட்டத்துக்குள் வட்டம், வாழை மட்டையின் குறுக்குவெட்டில் சல்லடை போன்ற கட்டம். பிள்ளைகள் சாப்பிடுகிற பொருளை விளையாட்டுக்கு வெட்டலாமா என்று தயங்குகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. சத்துணவுக்கூடத்தில் கழித்துப்போடுகிற வெண்டைக்காயின் காம்புப் பகுதியும் வெங்காயத்தின் அடிப்பகுதியும் இதற்குப் போதும், வாழை மட்டைக்கோ விலையே இல்லை.

அச்சு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வெட்டிய முகத்தில் சாறு இருந்தால் வண்ணம் நீர்த்துப் பரவும், எனவே வெட்டியதும் பழைய துணியில் ஒற்றிச் சிறிது நேரம் உலரவிட வேண்டும். வண்ணத்தைக் கிண்ணத்தில் கரைத்துவைத்தால் குழந்தை காயை முழுவதும் முக்கி எடுத்து ஒரு திட்டை மட்டுமே பதிக்கும். தட்டில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து அதன்மேல் கெட்டியான போஸ்டர் வண்ணத்தைத் தடவி, காயை அதில் ஒற்றி எடுக்கச் சொன்னால் வரிகள் துல்லியமாக விழும். ஆறு குழந்தைக்கு ஒரு தட்டு என்றால் முப்பது பேருக்கு ஐந்து தட்டு. காத்திருப்பு மிகக் குறைவு, உலர்வதற்கும் அரை மணி நேரமே.

சற்றே பெரிய குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி அதில் எழுத்தைச் செதுக்கிக் கொடுத்தால் இந்த வேலைக்குள் இன்னொரு கதவு திறக்கிறது. கத்தி ஆசிரியரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'ப' செதுக்கினால் தாளில் ஏறத்தாழ 'ப'வாகவே விழும். 'ட' செதுக்கினால் இடம் வலம் மாறி, எந்த எழுத்துமில்லாத ஒன்றாக விழும். ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், குழந்தைகளே கண்ணாடியில் தெரியும் முகத்தையும் சட்டை எழுத்தையும் கொண்டுவந்து விளக்கம் சொல்வார்கள். அடுத்த கிழங்கில் 'ட'வை எப்படித் திருப்பி வரைய வேண்டும் என்றும் அவர்களே சொல்வார்கள். கலையும் கணக்கும் சேர்கிற இடம் என்று சுற்றறிக்கைகள் சொல்வது இப்படி ஒன்றைத்தான் என நினைக்கிறேன்.

கணக்கு என்றதும் காகித மடிப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும், அதற்கு நல்ல வரலாறும் இருக்கிறது. மழலையர் கல்விக்கு வித்திட்ட ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஃபிரோபெல் காகித மடிப்பைக் குழந்தைகளின் பயிற்சிகளில் ஒன்றாக வைத்திருந்தார். அந்த மழலையர் பயிற்சியிலிருந்து தூண்டுதல் பெற்ற சுந்தர ராவ், வடிவியலைக் காகித மடிப்பின் வழியே கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். பின்னர் அது அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது. ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர் விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சும் 87 மில்லிமீட்டர் பட்டையைக் கிழித்துவிட்டால் 210 மில்லிமீட்டர் சதுரம் கிடைக்கும். மூலைவிட்டம், சமச்சீர், செங்கோணம் எல்லாம் அந்த ஒரே மடிப்பில் இருக்கின்றன. தண்ணீர் வேண்டாம், வண்ணம் வேண்டாம், உலர்த்த வேண்டாம், மழை நாளிலும் நடத்தலாம். மூன்றாவது அளவுகோலில் இதற்குப் போட்டியே இல்லை.

ஆனால் முதல் இரண்டிலும் இது தடுமாறுகிறது. நாற்பது நிமிடத்தில் பாதி, பின்தங்கியவர்களுக்காக மற்றவர்கள் காத்திருப்பதிலேயே கழியும். நான்காவது மடிப்பைத் தவறவிட்ட குழந்தைக்கு ஐந்தாவது மடிப்பு புரியாது, களிமண்ணைப் போல் தன் வழியில் போய்விடவும் அதனால் முடியாது. எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசியில் முப்பது ஒரே மாதிரியான கொக்குகள்தாம் மேசையில் இருக்கும். மூலையோடு மூலை பொருந்த மடிப்பதற்கு வேண்டிய விரல் கட்டுப்பாடு முதல் வகுப்பில் பலருக்கும் இன்னும் வந்திருக்காது. சாதாக் கப்பலும் கத்திக்கப்பலும் அண்ணன் தம்பியிடமிருந்து ஒருவருக்கொருவராகக் கற்றுக்கொள்ளப்பட்டவை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கரும்பலகை முன் ஒருவர் நின்று முப்பது பேருக்குச் சொல்லித்தருவது இந்தக் கலைக்குப் பொருந்தாத முறை. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்று இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் மூவருக்குச் சொல்லித்தருகிற ஏற்பாட்டில் காகித மடிப்பு வேறொன்றாகிவிடுகிறது, பல வகுப்புகள் ஒரே அறையில் இருப்பது அப்போது குறையாகவும் தெரியாது. மூன்று நான்கு எளிய மடிப்போடு நிறுத்தி, 'இதை என்னவாக்கலாம்?' என்று கேட்டு விட்டுவிடுவது இன்னொரு நல்ல வழி.

காகிதக்கூழ் நான்கிலும் பழைமை மணக்கிற வேலை. பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பிக் கூடையும் தட்டும் செய்த பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். பண்ருட்டிப் பகுதியின் கொலுப் பொம்மைகளிலும், 2011-இல் புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரியின் திருக்கனூர்ப் பொம்மைகளிலும் இந்தத் தொழில் இன்றும் வாழ்கிறது. செய்த பொருள் நீடித்து நிற்பதில் களிமண்ணை இது தோற்கடித்துவிடும். எடை குறைவு, விழுந்தாலும் உடையாது, முகமூடி செய்தால் போட்டுக்கொண்டு நாடகமே நடத்தலாம். செய்த கிண்ணத்தில் தின்பண்டம் மட்டும் வைக்க வேண்டாம், செய்தித்தாள் மை உணவோடு சேரக்கூடாது.

ஆனால் வகுப்பறைக் கணக்கில் இது மிகவும் மெதுவானது. ஒரு நாள் ஊற வேண்டும், மறுநாள் அரைக்க வேண்டும், கொட்டாங்கச்சியிலோ கிண்ணத்திலோ எண்ணெய் தடவி அப்பிய பின் உலர மூன்று நான்கு நாள், அதன் பிறகே வண்ணம். ஏழு வயதுக் குழந்தைக்குத் திங்கட்கிழமை தொடங்கியது வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். ஈரநாளில் காயாவிட்டால் கூழ் நாறும், பூஞ்சை பிடிக்கும். அரைப்பதைத் தவிர்க்க நினைப்பவர்கள், செய்தித்தாளைப் பட்டைகளாகக் கிழித்துப் பசையில் தோய்த்து, ஊதிய பலூனின்மேல் அடுக்கடுக்காக ஒட்டலாம். ஓரளவு நேரம் மிச்சமாகும். பசையில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுவரொட்டிக்கும் புத்தகக் கட்டுக்கும் காய்ச்சுகிற மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நச்சு, குழந்தைகள் தொடுகிற பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொண்டால் அதற்குத் தேவையும் இராது.

தென்னங்கீற்றில் செய்யும் காற்றாடி, பீப்பீ, கைக்கடிகாரம் ஆகியவற்றைத் தனிப் போட்டியாளராக வைக்காததற்குக் காரணம், அவை பறித்த அன்றே செய்யப்பட வேண்டியவை, மறுநாள் சுருண்டுவிடும். தென்னை வளர்கிற ஊர்ப் பள்ளிக்கு மட்டும் ஏற்றவை. பனை ஓலை நீடிக்கும், ஆனால் அதன் விளிம்பு சின்னக் கைகளை அறுக்கும்.

ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் களிமண்ணைச் சொல்வேன், தண்ணீரும் வராந்தாவும் இருக்கிற பள்ளியாக இருந்தால். அவை இல்லாத, மாடியில் ஒரே அறையில் நடக்கிற பள்ளிக்குக் காய்கறி அச்சு. காகித மடிப்பை இரண்டுக்கும் மாற்றாக வைக்காமல், ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருக்கிற நாளுக்கும் மழை நாளுக்கும் கைவசம் வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் களிமண்ணும் கூழும் காயாது என்பதால் அந்த மூன்று மாதமும் அச்சுக்கும் மடிப்புக்கும் உரியவை. களிமண்ணைப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எடுக்கலாம். காகிதக்கூழை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு, பிப்ரவரி வாக்கில், ஆண்டு விழா நாடகத்துக்கு முகமூடி தேவைப்படும்போது மட்டும் தொடங்கினால் அந்த நீண்ட காத்திருப்புக்கும் ஒரு பொருள் இருக்கும். களிமண் வேலை முடிந்தபின் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று குழந்தைகள் சொல்கிற உருவங்களை உடைத்து வாளியில் போட்டு, மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி ஈரச்சாக்கால் மூடிவைத்தால், அடுத்த மாதமும் அதே 9 கிலோ மண் போதும்.