எலும்பு முறிவு வார்டு, வடமேற்கு லண்டன்: ஐந்துக்கு நாலு

அம்மா வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வடமேற்கு லண்டனில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. ஆங்கிலம் தெரியாத, சுத்த சைவமான யாழ்ப்பாணத்துப் பெற்றோரை அங்கே விட வேண்டி வரும் பிள்ளைகளுக்கு இது உதவும்.

முதல் சிக்கல் தாலிக்கொடி. எங்கள் ஊர்க் கொடி என்ன பாரம் என்று தெரியும்தானே, அதோடு சத்திரசிகிச்சை தியேட்டருக்குள் விட மாட்டார்கள். அப்பா இருக்கும்போது அதைக் கழற்றுவதா என்று அம்மா அழுதுவிட்டார். பிலிப்பைன்ஸ் நேர்ஸ் ஒருவர், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, "யார் கழற்றினால் உங்களுக்குச் சரி?" என்று கேட்டார். அப்பாவே கழற்றினார். மஞ்சள் நூல் ஒன்றைக் கையில் கட்டி, மேலே பிளாஸ்டர் ஒட்டி உள்ளே அனுப்பினார்கள்.

என்னை மொழிபெயர்க்க விடவில்லை. நல்லதுதான். மலம், சலம் பற்றி மகன் முன்னால் அம்மா வாயே திறக்க மாட்டார்.

இனி ஊசி. காலில் இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாதமளவில் போடுவார்கள். வழக்கமாகக் கொடுக்கும் எனொக்ஸாபரின், பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினில் செய்வது. இதைப் போடுவதற்கு முன்பே சொன்னார்கள். ஃபொண்டாபரினக்ஸ் என்று ஆய்வுகூடத்தில் செய்யும் மருந்தும் இருக்கிறது, ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஒத்துவராது, வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மா, "மருந்துதானே, போடட்டும்" என்றுவிட்டார். (வீட்டில் முட்டை போட்ட கேக்கைத் தொடாதவர்!) பக்கத்துக் கட்டில் சோமாலிய அம்மா மற்றதைக் கேட்டு வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது குதிக்கால் பார்த்த விதம். படுக்கைப்புண் தொடங்கும்போது வெள்ளைத் தோலில் சிவப்புத் தெரியும். எங்கள் நிறத்தில் அது கண்ணுக்குப் படாது. அந்த நேர்ஸ் கண்ணை நம்பாமல், சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார்.

இரவுதான் மோசம். வெளியிலிருந்து வரும் தற்காலிக நேர்ஸ்மார், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோ (வலி) எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். அம்மா சிரித்துத் தலையாட்டுவார். நோ இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பகல் நேர்ஸ், அம்மா புரண்டு படுக்கும்போது முகத்தைப் பார்த்தே மாத்திரை கொடுத்தார். முறையிட்ட பிறகு, இரவிலும் தொலைபேசி மொழிபெயர்ப்பைப் பாவிக்கச் சொல்லி கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். நீங்கள் முதல் நாளே ஒட்டச் சொல்லுங்கள்.

சாப்பாடு? சைவம் என்றால் சீஸ் போட்ட பாஸ்தா. வீட்டுச் சாப்பாட்டை வார்டில் சூடாக்கித் தர மாட்டார்கள், அது விதி. அப்பா பிளாஸ்கில் சொதி கொண்டுபோனார், இடியப்பம் ஆறியிருந்தாலும் பரவாயில்லை.