நுவரெலியாவுக்குக் காசு பத்தாவிட்டால்: கொட்டகலையா, பண்டாரவளையா, நாவலப்பிட்டியா?

நுவரெலியா டவுனிலும் எல்ல பக்கத்திலும் காணி விலையைச் சுற்றுலா தூக்கிவிட்டது. மாதச் சம்பளக்காரர் அங்கே 10 பேர்ச் தேடித் திரிவது வீண் அலைச்சல். கையைக் கடிக்காத விலை, பத்து வருடத்தில் ஏறக்கூடிய பெறுமதி என்று பார்த்தால் மூன்று இடங்கள் மிஞ்சும். மூன்றுமே ரயில் பாதையில் இருப்பவை. ஆனால் ஒவ்வொன்றிலும் காலை வாரிவிடும் விஷயம் வேறு.

கொட்டகலையில் வளர்ச்சி கண்ணுக்கே தெரிகிறது. ஹட்டன் டவுனில் நிமிர இடமில்லை. நெரிசல் ஏ7 வீதி வழியே இந்தப் பக்கம்தான் வழிகிறது. 2018 தேர்தலோடு தனிப் பிரதேச சபை வந்துவிட்டது, 2017இல் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக் கட்டடமும் எட்டும் தூரத்தில். குறை ஒன்றே ஒன்று: வாங்கக் காணி இல்லை. டவுனைச் சுற்றி தோட்டம். தோட்டக் காணி அரசுடையது, 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் இருப்பது குத்தகை மட்டுமே. “தொரைகிட்ட சொல்லியாச்சு, கடிதம் இருக்கு” என்று லயத்துக் கோடியில் காட்டப்படும் துண்டுக்கு அந்தக் கடிதத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. சுத்தமான உறுதிப் பத்திரத்தோடு காணி வருவது அபூர்வம் என்பதால், வந்தால் விலை இறங்காது.

பண்டாரவளைப் புறத்தில், தியத்தலாவைப் பக்கமும் சேர்த்து, தனியார் காணி கூடுதலாகக் கைமாறுகிறது. காய்ந்த காலநிலை, மாநகர சபை, தியத்தலாவை ஆதார வைத்தியசாலை, பதுளைக்கும் பெரகலைக்கும் ஏ16 வீதி. வாடகைக்கு விடவும் ஆள் கிடைக்கும். இங்கே பொறி, அரசு காணி கொடுத்த ஸ்வர்ணபூமி, ஜயபூமி அளிப்புப் பத்திரங்கள். பார்க்க உறுதி மாதிரியே இருக்கும். பிரதேச செயலாளரின் முன் அனுமதியில்லாமல் விற்க முடியாது. இன்னொன்று தண்ணீர். உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் கசிந்தபோது இந்தப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. அதனால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் மார்ச் மாதம் எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். சுவர் வெடிப்பைப் புதுப் பெயின்ட் மறைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நாவலப்பிட்டி பள்ளத்து ஊர். குளிர் குறைவு, மழை அதிகம், கண்டிக்கு வேலைக்குப் போய்வரலாம். மகாவலிக் கரையோரத்தைத் தொடாதீர்கள். ஊர்க் காணிகளில் பிரிக்கப்படாத பங்கு விற்பனைக்கு வரும்: “எட்டில் ஒரு பங்கு” என்று உறுதி சொல்லும், எந்த எட்டில் ஒன்று என்று சொல்லாது. பிரிவினை வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். கண்டிக்கு அதிவேகப் பாதை வரப்போகிறது என்று தரகர் விலை ஏற்றினால், போடாத பாதைக்கு இன்றைக்கே காசு கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எங்கள் கை பண்டாரவளைக்கே போகும். ஹட்டனில் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் இருப்பவர் மட்டும் கொட்டகலை உறுதிக் காணிக்குக் காத்திருக்கலாம்.

எங்கே வாங்கினாலும் சரிவுதான் முதல் கணக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகளைச் சரித்தது. அதற்கு முந்திய மண்சரிவு அறிக்கையை நம்பாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புது அறிக்கையைக் கேளுங்கள். காணியை அடைமழைக் காலத்தில் பாருங்கள்: கொட்டகலை, நாவலப்பிட்டி என்றால் ஜூன், ஜூலை, பண்டாரவளை என்றால் நவம்பர், டிசம்பர். அடியில் வளைந்து நிற்கும் மரம், சாய்ந்த வேலிக்கால், திடீரென்று கிளம்பிய ஊற்று, பிறை வடிவில் நில வெடிப்பு, இதில் எதைக் கண்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

10 பேர்ச் என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. சரிவில் பாதியை வெட்டி, அந்த மண்ணை முன்னால் தள்ளி மேடாக்கி வீடு கட்டுவார்கள். தள்ளிய மண் இரண்டு மழையில் அமிழும், முன்பக்கச் சுவர் படிக்கட்டு மாதிரி வெடிக்கும். அத்திவாரம் முழுவதும் வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில் இறங்க வேண்டும். வெட்டிய மண்ணைத் தாங்கும் பக்கச்சுவரில் 5 அடிக்கு ஒன்றாக 2 அங்குலக் குழாய் விட்டு, பின்னால் சல்லி நிரப்பாவிட்டால் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். அந்தச் சுவர்ச் செலவே காணி விலையைத் தொடும் இடங்களும் உண்டு. பாதையையும் அளந்து பாருங்கள். 10 அடி இல்லையென்றால் டிப்பர் ஏறாது, ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, மூட்டை மூட்டையாகத் தலையில்தான் வரும்.

அச்சாரம் கொடுக்கும் முன் காணிப் பதிவகத்தில் 30 வருடத் தோம்பை, அதாவது காணி கைமாறிய பதிவுகளை, தேடுவியுங்கள். பிரதேச சபையில், டவுனுக்குள் என்றால் அந்த ஊர்ச் சபையில், தெரு எல்லைச் சான்றிதழ் எடுங்கள். முத்திரைத் தீர்வை வாங்குபவர் தலையில்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 30 இலட்சக் காணிக்கு 1,19,000 ரூபாய். நொத்தாரிசு கூலி இதற்கு வெளியே.