தோற்ற சீசன்கள் மூன்று: 52 டெக்ஸன்ஸா, 58 பேக்கர்ஸா, 60 கவ்பாய்ஸா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் பழைய பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் "இருப்பதிலேயே மோசமான சீசன் எது?" என்று ஆரம்பிப்பார், பாதிப் பேர் உடனே 1960 டல்லஸ் கவ்பாய்ஸ் என்பார்கள். 12 ஆட்டம், 11 தோல்வி, 1 டிரா, வெற்றி பூஜ்யம். கணக்குப்படி சரி. ஆனால் 1952 டல்லஸ் டெக்ஸன்ஸ் (1 வெற்றி, 11 தோல்வி), 1958 கிரீன் பே பேக்கர்ஸ் (1 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் மோசமான சீசன் பட்டியலில் கவ்பாய்ஸுக்குக் கடைசி இடம்தான், அதாவது மூன்றில் மோசம் குறைந்தது அதுதான்.

முதலில் அவர்களை முடித்துவிடலாம். லீக் அனுமதி கிடைத்ததே 1960 ஜனவரி கடைசியில். கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மற்ற 12 அணிகளும் வேண்டியவர்களைப் பத்திரப்படுத்திக்கொண்ட பிறகு, மிச்சத்திலிருந்து அணிக்கு 3 பேர் வீதம் 36 பேரைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எடி லெபாரன், உயரம் 5 அடி 7 அங்குலம், தன் முன்னால் நிற்கும் தடியர்களின் தலைக்கு மேல் பந்தை வீச வேண்டும். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 28 புள்ளி எடுத்து 35-28 என்று தோற்றார்கள், டிசம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸை அவர்கள் ஊரிலேயே 31-31 என்று நிறுத்தினார்கள். விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளி 369. பேக்கர்ஸ் 382, டெக்ஸன்ஸ் 427. ஒரு வெற்றிகூட இல்லாத அணிதான் மூன்றிலும் குறைவாக அடி வாங்கியிருக்கிறது. பயிற்சியாளர் டாம் லாண்ட்ரியை நிர்வாகமும் கைவிடவில்லை, 1964இல் 10 வருட ஒப்பந்தம் கொடுத்தது. 1966இல்தான் முதல்முறையாகத் தோல்வியைவிட வெற்றி அதிகம். விதைத்தவனுக்கு விளைச்சல் வரும்வரை நேரம் கொடுத்தார்கள், அதனால் இந்த சீசனைப் பார்த்து எனக்குப் பெரிய வருத்தம் வருவதில்லை.

பேக்கர்ஸ் கதை அப்படியில்லை, நினைத்தாலே வயிறு எரியும். அந்த 1958 அணியில் இருந்தவர்களைப் பாருங்கள்: பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ச்கி, ஃபாரஸ்ட் கிரெக், ஜெர்ரி கிரேமர், ஜிம் ரிங்கோ. இவர்கள் அத்தனை பேரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலில் ஏறியவர்கள். இப்படி ஒரு படையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வெற்றி, அதுவும் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 38-35 என்று நூலிழையில். பயிற்சியாளர் ஸ்கூட்டர் மெக்லீன் நல்ல மனிதர், வீரர்களோடு உட்கார்ந்து சீட்டாடும் அளவுக்கு நெருக்கம், ஆனால் கண்டிக்கத் தெரியாது. ஸ்டார் ஒரு ஆட்டம், பேப் பரில்லி ஒரு ஆட்டம் என்று குவார்ட்டர்பேக் இடமே நிலையாக இல்லை. நவம்பர் 2 அன்று பால்டிமோரில் கோல்ட்ஸிடம் 56-0. அந்த ஆட்டத்தில் கோல்ட்ஸின் ஜானி யுனைடஸ் விலா எலும்பு முறிந்து பாதியில் வெளியேறினார், அப்படியும் 56! கிரீன் பே சின்ன ஊர், அணியின் பங்குகள் ஊர்க்காரர்கள் கையில்தான், அதனால் இது யாரோ ஒரு முதலாளியின் தோல்வி இல்லை, வீட்டுத் தோல்வி.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜயண்ட்ஸில் தாக்குதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வின்ஸ் லொம்பார்டி வந்தார், ஏறக்குறைய அதே ஆட்களை வைத்துக்கொண்டு 1959இல் 7 வெற்றி, 5 தோல்வி. 1961 இறுதிப் போட்டியில் ஜயண்ட்ஸை 37-0 என்று துவைத்து சாம்பியன். இதனால்தான் 1958ஐ "இருட்டுக்குப் பின் வெளிச்சம்" என்று பலரும் மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரே வருடத்தில் சரிசெய்யக்கூடியதை அந்த 12 ஆட்டங்களிலும் சரிசெய்யாமல் விட்டார்கள் என்றுதான் அது காட்டுகிறது. ஆட்டத்தை மட்டும் வைத்து மார்க் போடச் சொன்னால் இதுதான் படுமோசம். ஆனால் ஆட்டம் மட்டுமே சீசன் ஆகிவிடாது.

டெக்ஸன்ஸுக்கு நடந்தது தோல்விகூட இல்லை, கைவிடுதல். நியூயார்க் யாங்க்ஸ் என்ற அணியை லீக் வாங்கி, ஜைல்ஸ் மில்லர் என்ற துணி ஆலை முதலாளியின் குழுவுக்கு விற்க, அது டல்லஸுக்கு வந்தது. முதல் ஆட்டம் ஜயண்ட்ஸோடு, 75,000 பேர் உட்காரும் காட்டன் பௌலில் வந்தவர்கள் சுமார் 17,500. டெக்ஸன்ஸின் முதல் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் கிடைக்கும் 6 புள்ளி) வழி விட்டது யார் தெரியுமா? உதைத்து வந்த பந்தைப் பிடிக்கும்போது நழுவவிட்ட ஜயண்ட்ஸ் வீரர், டாம் லாண்ட்ரி! எட்டு வருடம் கழித்து அதே மைதானத்துக்குத்தான் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக வருகிறார். அன்று டெக்ஸன்ஸுக்குக் கிடைத்ததும் அந்த 6 புள்ளிதான், 24-6 என்று தோல்வி. அணியின் நட்சத்திரங்கள் பட்டி யங், ஜார்ஜ் டாலியஃபெரோ இருவரும் கறுப்பர்கள். அவர்களைப் பார்க்க வந்த கறுப்பின மக்களை மைதானத்தில் தனி ஒதுக்குப்புறத்தில் உட்கார வைத்தார்கள். ஊரின் ஒரு பகுதியை வாசலிலேயே அவமானப்படுத்திவிட்டு எந்த அணி கூட்டம் சேர்க்க முடியும்?

ஏழே ஆட்டத்தில் பணம் தீர்ந்து, முதலாளிகள் அணியை லீக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மிச்ச ஆட்டங்களுக்கு வீரர்கள் தங்கியது பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில், ஊரில்லாத அணி. நன்றி தெரிவிக்கும் நாளன்று ஒஹையோவின் அக்ரனில் சிகாகோ பேர்ஸுடன் ஆட்டம், பெயருக்கு அது டெக்ஸன்ஸின் "சொந்த" மைதானம். வந்தவர்கள் 3,000 பேர் இருந்தால் அதிகம். கூட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் ஜிம்மி ஃபீலன், வீரர்களை மைதானத்தில் அறிமுகப்படுத்துவதற்குப் பதில் மேலே போய் பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிவிட்டு வரலாம் என்றாராம். பேர்ஸின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ், இவர்களுக்கு இது போதும் என்று இரண்டாம் நிலை ஆட்களை வைத்து ஆரம்பித்தார். 27-23, டெக்ஸன்ஸ் ஜெயித்தது. இந்த மூன்று சீசன்களில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கும் என்றால் நான் அக்ரனுக்குத்தான் போவேன்.

சீசன் முடிந்ததும் அணி கலைந்தது, வீரர்கள் 1953இல் பால்டிமோரில் புதிதாகத் தொடங்கிய கோல்ட்ஸுக்குப் போனார்கள். அதில் ஆர்ட் டோனோவன், ஜீனோ மார்ச்செட்டி இருவரும் உண்டு. 1958இல் பேக்கர்ஸை 56-0 என்று நசுக்கியது இவர்களின் கோல்ட்ஸ்தான். அந்த டிசம்பரிலேயே ஜயண்ட்ஸை 23-17 என்று வீழ்த்தி சாம்பியனும் ஆனார்கள், எதிர்ப்பக்கம் துணைப் பயிற்சியாளர்களாக லொம்பார்டியும் லாண்ட்ரியும் நின்றிருந்தார்கள். பேக்கர்ஸுக்கும் கவ்பாய்ஸுக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. டெக்ஸன்ஸுக்கு அதுவும் இல்லை, கோல்ட்ஸின் சாதனைப் புத்தகத்தில்கூட அந்த 1-11 சேர்த்தி கிடையாது. என் முதல் இடம் அவர்களுக்கே.