முட்டி வலியா, மனசு வலியா?

கபடியை கொஞ்ச நாள் விட்டு விலக நினைக்கும் என் சித்தப்பா மகளுக்கு, தர்மபுரி மாவட்டத்து அரூரில் காரணம் சொல்ல இரண்டு வழி.

'முட்டி வலி' என்று பொய் சொன்னால் யாரும் ஏச மாட்டார்கள். தைலம் பூசச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் நொண்டி நடக்கணும். சந்தைக்குப் போகும்போது எந்தக் கால் என்பதே மறந்துபோகும்.

'மனசு சரியில்லை' என்றால் முதல் நாளே ஏச்சு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவே அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகியபோது, பாதியில் ஓடிவிட்டார் என்றார்கள். காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறதென்றே பிடிபடாத நிலை அது. தவறி விழுந்தால் கழுத்து போகும். அதே ஒலிம்பிக்கில் திரும்பி வந்து ஒடுங்கிய கட்டை மேல் செய்யும் பேலன்ஸ் பீமில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் 3 தங்கம்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. அதற்காக ஊரெல்லாம் தண்டோரா போட வேண்டாம், பயிற்சியாளருக்குத் தெரிந்தால் சரி. அப்புறம், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.