திரும்பும் வழி எதில் இருக்கிறது? எஸ்.பி.எம்.முக்குப் பிறகு நான்கு பாதைகள்

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் முடிவு வந்த மூன்றாம் நாள் இரவு, பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஆறு தனியார் கல்லூரிகளின் வழவழப்பான கையேடுகள் பரந்து கிடந்தன. நடுவில் அண்ணன் மகளின் முடிவுத்தாள், ஓரத்தில் ரசக்கறையோடு. தமிழ், மலாய், வரலாறு, நன்னெறி, கணிதம் ஐந்திலும் ஏ. வேதியியலிலும் ஆங்கிலத்திலும் பி பிளஸ், இயற்பியலிலும் உயிரியலிலும் பி, கூடுதல் கணிதத்தில் சி பிளஸ்.

"என்ன படிக்க ஆசை என்று நீயாவது கேள் தங்கச்சி. மூன்று நாளாக வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். ஏதாவது ஒன்றைச் சொன்னால் பணத்தைக் கட்டிவிடுவேன்" என்றார் அண்ணன்.

அவள் தலை நிமிரவில்லை. "எனக்கே தெரியவில்லை அத்தை" என்றாள்.

அந்தப் பதிலில் தவறு எதையும் நான் காணவில்லை. 17 வயதில் 40 ஆண்டு உழைப்புக்கு முடிவு சொல் என்றால் யாருக்குத்தான் தெரியும்? ஆனால் அண்ணன் சொன்ன "பணத்தைக் கட்டிவிடுவேன்" என்னைப் பயமுறுத்தியது. அதே சொல்லை 1999-இல் எங்கள் அப்பா எனக்காகச் சொன்னார்.

ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டேன். எத்தனை மாதம், எவ்வளவு செலவு, பிடிக்காவிட்டால் எங்கே திரும்பலாம். முதல் இரண்டுக்கும் கையேட்டிலேயே பதில் இருக்கிறது. மூன்றாவதை எந்தக் கையேடும் அச்சிடுவதில்லை. என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளைக்கு அந்த மூன்றாவது கட்டம்தான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். ஃபவுண்டேஷன், ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்ற நான்கு பாதைகளையும் அதை வைத்தே எடை போடுகிறேன்.

மேசையில் கிடந்தவை பெரும்பாலும் ஃபவுண்டேஷன் எனப்படும், பட்டப்படிப்புக்கு முந்தைய ஆயத்தப் படிப்புகள். எனவே அதில் தொடங்கினேன். எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட், அதாவது ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல், இருந்தால் சேரலாம். ஓராண்டில் முடிந்துவிடும், அடுத்த ஆண்டே பட்டப்படிப்பு. நண்பர்களுக்கு முன்னால் பட்டம் வாங்கிவிடலாம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய கவர்ச்சி. எந்தத் துறை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட, வீட்டில் பண வசதியும் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வழிதான், அதை மறுக்கமாட்டேன்.

முடிவு செய்யாத பிள்ளைக்குச் சிக்கல் இரண்டு. முதலாவது பணம். தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் கடன் தருகிறது. ஃபவுண்டேஷன் ஆண்டுக்குத் தருவதில்லை. அந்தப் பல்லாயிரம் ரிங்கிட்டும் அப்பாவின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். இரண்டாவது, ஃபவுண்டேஷன் சான்றிதழ் பெரும்பாலும் அதை நடத்தும் கல்லூரியின் பட்டப்படிப்புக்காகவே வடிவமைக்கப்பட்டது. வேறு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனால், ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் விருப்பம். வணிக ஃபவுண்டேஷன் முடித்தபின் பொறியியல் வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டமான ஏ லெவல் என்றால் உலகம் முழுவதும் ஏற்கிறார்கள்; பாடங்களாகப் படிப்பதால் துறை முடிவைத் தள்ளியும் வைக்கலாம். ஆனால் அதன் கட்டணம் லாரி ஓட்டும் அண்ணனுக்கு எட்டாது.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு கல்விக் கண்காட்சியில், ஒரு தனியார் கல்லூரியின் மேசை முன்னால், அரை மணி நேரத்தில் எனக்கு டிப்ளோமா முடிவானது. பாடத்தின் பெயர் அழகாக இருந்தது. இரண்டு செமஸ்டர் போனபின்தான் எனக்கும் அதற்கும் ஒட்டவில்லை என்பது தெரிந்தது. வேறு இடத்தில் சேரப் போனபோது, படித்த பாடங்களில் ஒன்றைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா கட்டிய பணமும் ஓராண்டும் போயின. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, விடியும்வரை சில்லுகளைச் சோதித்துத் தட்டில் அடுக்கினேன். 22 வயதில், ஆறாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மைத் தனித்தேர்வராக எழுதினேன். பிறகு 1971 முதலே தொலைநிலைக் கல்வி நடத்திவரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தேன். இப்போது அதே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எனக்குத் திரும்பும் வழி தந்தது எஸ்.டி.பி.எம். அதனால் அதன்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. படிப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆறாம் படிவம் என்றதும் அண்ணி முகம் சுளித்தார். "மறுபடியும் பள்ளிச்சீருடையா? அது ரொம்பக் கஷ்டமாமே" என்றார். நம் வீடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு குறைகள் இவை. கஷ்டம் என்பது உண்மை. ஆனால் நான் எழுதிய காலத்து எஸ்.டி.பி.எம். வேறு, இரண்டாண்டுப் பாடத்தை ஒரே மூச்சில் எழுதித் தள்ள வேண்டும். 2012-இலிருந்து மூன்று பருவமாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்றரை ஆண்டில் முடிகிறது. முதல் இரண்டு பருவங்களில் ஒரு தாள் சறுக்கினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். கட்டாயப் பொதுப்பாடம் ஒன்று. அதோடு பெரும்பாலோர் மூன்று பாடம் எடுக்கிறார்கள். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

செலவு, பஸ் கட்டணமும் புத்தகமும் மதியச் சாப்பாடும். வீட்டிலிருந்தே போய் வரலாம்.

மூன்றாவது கட்டத்தில் இதற்கு நான் எழுதியது நீண்டுவிட்டது. ஆறாம் படிவத்தில் பிள்ளை எந்தத் துறைக்கும் தன்னை எழுதிக் கொடுப்பதில்லை, பாடங்களை மட்டும் படிக்கிறது. கணிதம் டி (T என்ற பெயருடைய, அறிவியல் பிரிவினருக்கான கணிதப் பாடம்), இயற்பியல், வேதியியல் எடுத்தவர் ஒன்றரை ஆண்டு கழித்துப் பொறியியலுக்கும் போகலாம், கணினிக்கும் போகலாம். மனம் மாறிவிட்டால் கணக்கியல், பொருளாதாரம், கல்வியியல் பக்கமும் விண்ணப்பிக்கலாம். கலைப்பிரிவில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வருவது அப்படி நடப்பதில்லை. அதனால்தான் தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம், தாங்க முடிந்தவரை கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாதே என்கிறேன். எஸ்.டி.பி.எம். சான்றிதழை உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் வெளிநாடுகளும் ஏற்கின்றன. 22 வயதில் எனக்குப் பயன்பட்டதுபோல, பிற்காலத்திலும் அது கையில் இருக்கும்.

17 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் பிள்ளை வளர்கிறது. பலருக்குத் தன் துறை எது என்பது அந்த இடைவெளியில்தான் தெரியவருகிறது. அந்த ஒன்றரை ஆண்டைக் கிட்டத்தட்ட இலவசமாகத் தரும் பாதை இது ஒன்றே. தாமதம் என்று மற்றவர்கள் சொல்வதை நான் அவகாசம் என்கிறேன்.

குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். எல்லா ஆறாம் படிவ மையங்களிலும் அறிவியல் பிரிவு இல்லை. அருகில் இருக்கும் பள்ளியில் கலைப்பிரிவு மட்டும்தான் என்றால், மேலே சொன்னதில் பாதி அடிபட்டுப் போகிறது. யாரும் தள்ளாமல் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளை இதில் திணறும். பருவத்தேர்வு என்பதால் மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை.

அரசுக் கல்லூரிகளில் நடக்கும் பல்கலைக்கழக ஆயத்தப் படிப்பான மெட்ரிகுலேஷனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் தேர்ந்தெடுப்பது நாமல்ல. இரண்டு செமஸ்டரில், ஓராண்டுக்குள் முடியும். தங்குமிடத்தோடு உதவித்தொகையும் உண்டு. செலவு மிகக் குறைவு. கிடைத்தால் மிக நல்லது. ஆனால் இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு நாம் அறிந்ததே. 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், இன வேறுபாடின்றி 10ஏ எடுத்த மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். அது பல வீடுகளுக்குப் பெரிய நிம்மதி. ஐந்து ஏ வைத்திருக்கும் பிள்ளை விண்ணப்பிக்கலாம், அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. கல்லூரி கெப்பாளா பத்தாஸிலும் இருக்கிறது, ஆனால் நாம் பினாங்கு என்பதால் அங்கேயே போடுவார்கள் என்று எண்ண வேண்டாம், கடல் தாண்டி லாபுவான்வரை அனுப்பலாம். அறிவியல், கணக்கியல், பொறியியல் என்று பிரிவு தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. சான்றிதழ் பெரும்பாலும் உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கே பயன்படுகிறது. எஸ்.டி.பி.எம். ஆனாலும் மெட்ரிகுலேஷன் ஆனாலும், அரசு உயர்கல்வி இடங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்றுதான் மதிப்பிடுகிறார்கள். புறப்பாடச் சான்றிதழ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிப்ளோமா பக்கம் வந்தபோதுதான் அண்ணன் மகள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய தோழி பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பாலிடெக்னிக்கில் படிக்கிறாளாம். மின் துறை. கையில் ஸ்குரூடிரைவரோடு படம் அனுப்பியிருந்தாள், அதைக் காட்டினாள்.

பாலிடெக்னிக்கை நான் மிகவும் மதிக்கிறேன். மூன்று கிரெடிட் இருந்தாலே டிப்ளோமாவுக்குத் தகுதி. ஏறத்தாழ மூன்றாண்டில் முடியும்; அதில் ஒரு செமஸ்டர் முழுக்கத் தொழிலகப் பயிற்சி. அரசுக் கட்டணம் செமஸ்டருக்குச் சில நூறு ரிங்கிட்டோடு நின்றுவிடுகிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கி, அதே ஆண்டு இன்டெல் வந்ததிலிருந்து இந்த மாநிலம் டெக்னீஷியன்களைத் தேடிக்கொண்டே இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் கை நேர்த்தியானவர்களை மேற்பார்வையாளர்களே என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளையை விடாதீர்கள்" என்பார்கள். புத்தகத்தைவிடக் கருவியோடு பழக விரும்பும் பிள்ளைக்கு ஆறாம் படிவத்தைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன். மேலே படிக்க விரும்பினால் யூனிமாப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் டிப்ளோமாக்காரர்களை ஏற்கின்றன. அதே துறையானால் சில பாடங்களில் விலக்கும் கிடைக்கும்.

"அதே துறையானால்" என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. டிப்ளோமாவில் முதல் நாளே துறை முடிவாகிவிடும். மின் துறையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் கணக்கியல் வேண்டும் என்றால், எஸ்.பி.எம். சான்றிதழோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். தனியார் டிப்ளோமாவானால் இன்னும் கொடுமை: பாதியில் விட்டாலும், வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் அப்படியே நிற்கும். படித்து முடிக்காத படிப்புக்கு மாதாமாதம் கட்டும் பிள்ளைகளை என் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் அவர்கள் முகம் எனக்குத் தெரியும்.

எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் ஒரு பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அங்கே என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களிலிருந்து கற்ற ஒன்றைச் சொல்கிறேன். தெளிவில்லாதவர் அகலமான பெயரை எடுப்பது நல்லது. மின்னணுப் பொறியியல் படித்தவரைச் சோதனைப் பிரிவு, தரக்கட்டுப்பாடு, வாடிக்கையாளர் தொழில்நுட்பம் என்று எங்கள் ஆலைக்குள்ளேயே பல இடங்களில் வைக்க முடிகிறது. கணிதம், புள்ளியியல், கணக்கியல் படித்தவர்களும் அப்படியே. ஒரே ஒரு வேலையின் பெயரைத் தாங்கிய குறுகலான பட்டத்தோடு வருபவரை, எவ்வளவு திறமைசாலியானாலும், எங்கே பொருத்துவது என்று மேலாளர்கள் யோசிக்கிறார்கள். குறுகலான துறை பிடித்திருந்தால் அதை முதுகலையில் படித்துக்கொள்ளலாம்.

பெயரைவிட முக்கியம் அங்கீகாரம். கல்லூரியில் பணம் கட்டுமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பொறியியல் என்றால் மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்கிறதா என்று தனியாகப் பாருங்கள். நான்காண்டு படித்தபின் பொறியாளராகப் பதிவு செய்ய முடியாது என்று தெரிய வருவதைப்போல் ஒரு வேதனை இல்லை. மருத்துவம் பற்றி அண்ணி இரண்டு முறை கேட்டார். 2016 இறுதியில் ஒப்பந்த முறை வந்ததிலிருந்து அரசு மருத்துவமனையில் நிரந்தர வேலை உறுதியில்லை. 2021 ஜூலையில் அந்த மருத்துவர்கள் வெளிநடப்புப் போராட்டமே நடத்தினார்கள். விருப்பம் இருக்கும் பிள்ளை அதையும் தாண்டிப் படிக்கும். தெரியாது என்று சொல்லும் பிள்ளையை அதில் தள்ளக் கூடாது.

பதினொரு மணிக்குத் தாள் நிரம்பியது. ஃபவுண்டேஷனுக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் ஒரு சொல்தான் இருந்தது: "கடினம்." டிப்ளோமாவுக்கு எதிரே "அதே துறையில் மட்டும்." மெட்ரிகுலேஷனுக்கு எதிரே "கிடைத்தால் பார்ப்போம்." ஆறாம் படிவத்துக்கு எதிரே எழுதியது கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் இறங்கியிருந்தது.

அவள் தாளை வெகுநேரம் பார்த்தாள். "தோழி மாதிரி பாலிடெக்னிக் போனால் தப்பா அத்தை?" என்றாள். தப்பில்லை என்றேன். உனக்கு மின் துறை பிடித்திருக்கிறதா, தோழியைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "இயற்பியல் பிடிக்கும். பி தான் வந்தது, ஆனால் பிடிக்கும்" என்றாள். மூன்று நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் "பிடிக்கும்" அது என்று அண்ணி பிறகு சொன்னார்.

யூ.பி.யூ.வில் பாலிடெக்னிக்கையும் போட்டு வைக்கிறாள், மெட்ரிகுலேஷனுக்கும் விண்ணப்பிக்கிறாள். ஆறாம் படிவத்துக்குக் கணிதம் டி, இயற்பியல், வேதியியல் என்று தாளின் பின்பக்கம் அவளே எழுதிக்கொண்டாள். கூடுதல் கணிதத்தில் சி பிளஸ் என்பதால் கணிதம் டி அவளுக்கு மலையேற்றமாகத்தான் இருக்கும். சனிக்கிழமைகளில் நான் வந்து உட்கார்ந்து கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் திங்கட்கிழமை லாரி எடுக்கப் போவதில்லை. காலையில் மூவருமாகப் பள்ளிக்குப் போய், அந்த மையத்தில் இயற்பியலுக்கு இந்த ஆண்டு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கப் போகிறோம்.