கல்லுத் தண்ணீரில் கழுவிய யோகா மேட்

போன கிழமை கொக்குவில் மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் பாவிக்கிற அதே யோகா மேட், அதே ஊதா நிறம், விலையை நன்றாகக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். "மச்சாள், வாங்கட்டோ விடட்டோ?" என்று கேட்டிருந்தாள். வீட்டிலேயே யோகா தொடங்கப் போகிறாளாம். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. வருடக் கணக்கில் பாவித்த சாமான் அது. அதன்மேல் எனக்கு நன்றியும் உண்டு, ஆத்திரமும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன், அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

மேட்டின் விபரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 6 மில்லிமீற்றர் தடிப்பு, பி.வி.சி., ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற நீளம்.

முதலில் நல்லது. எங்களுடையது பழைய வீடு, நிலம் மினுக்கிய சீமெந்து. அதில் முழங்கால் ஊன்றி மார்ஜாரி ஆசனம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு மூச்சு விடமுதல் முழங்கால் நோகத் தொடங்கிவிடும். பனையோலைப் பாய் விரித்தும் செய்து பார்த்தேன். படுத்துச் செய்கிற ஆசனங்களுக்குப் பாய் அருமை, வெக்கைக்கும் நல்லது. ஆனால் காலை அகட்டி நின்றால் பாயே சீமெந்தில் ஓடும். இந்த மேட் ஓடாது. அடிப்பக்கம் நிலத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். புஜங்காசனத்தில் இடுப்பெலும்பு குத்தாது, சவாசனத்தில் பிடரி நோகாது. இத்தனை காலமாகியும் ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை, பொருக்காகவும் உரியவில்லை. கொடுத்த காசுக்கு அது உழைத்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

நான் தொடங்கியது நாரிப்பிடிப்பால். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கணக்குப் பார்க்கிற வேலை. வகுப்புக்குப் போக நேரம் ஒத்துவரவில்லை. அதனால் விடியற்காலை, தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கமுதல், போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துச் செய்தேன்.

வீடியோவில் வருகிற முக்கால்வாசிப் பேர் தொடக்கக்காரருக்கு என்று சொல்லிக்கொண்டே முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதோமுக ஸ்வானாசனத்துக்குப் போய்விடுவார்கள். கையையும் காலையும் நிலத்தில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி, உடம்பை முக்கோணமாக்குகிற நிலை. அங்கேதான் இந்த மேட்டோடு எனக்குப் பிரச்சினை. இதன் மேற்பக்கம் வழுக்கும். சித்திரை, வைகாசியில் இங்கே விடியலிலேயே உள்ளங்கை வியர்த்துவிடும். கையை ஊன்றி இடுப்பைத் தூக்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போகும். பழகியவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவள் என்ன செய்வாள்? விழாமல் இருக்கத் தோளையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிப்பாள். நாரியைத் தளர்த்த வேண்டிய ஆசனத்தில் முழுப் பலமும் கையிலே போய்விடும். எனக்கு நாரி நோ குறையமுதல் மணிக்கட்டு நோ வந்தது. இதை நான் சின்னக் குறையாக எடுக்கவில்லை. தொடக்கத்திலேயே ஒரு ஆசனம் இப்படிப் பயங்காட்டினால், அதோடு யோகாவை விட்டுவிடுகிற ஆட்கள் நிறையப் பேர்.

வியர்வை ஒரு காரணம். இந்த வகைப் பி.வி.சி. தண்ணீரை உறிஞ்சாது, வியர்வை மேலேயே படலமாக நிற்கும். புது மேட்டில் தொழிற்சாலையிலிருந்தே வருகிற ஒரு மினுக்கமும் இருக்கும். மேட்டோடு வந்த தாளில், மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி நிழலில் காயவிடச் சொல்லியிருந்தது. சொன்னபடியே செய்தேன், வழுக்கல் கூடியது. திரும்பக் கழுவினேன், இன்னும் கூடியது. காய்ந்த மேட்டில் கையைத் தேய்த்தால் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒட்டும்.

கார்த்திகை மழையில்தான் விளங்கியது. பீலிக்குக் கீழே வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அந்தத் தண்ணீரிலேயே மேட்டைக் கழுவி விறாந்தையில் போட்டேன். அடுத்த நாள் கை ஒரு அங்குலமும் அசையவில்லை. அப்புறம் வேண்டுமென்றே கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன், பழையபடி வழுக்கல். மழைத்தண்ணீரில் கழுவினேன், பிடித்தது. மேட்டில் வந்த பூச்சும் எங்கள் கேத்திலின் உட்பக்கத்தில் படிகிற வெள்ளையும் ஒரே கிணற்றிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நாங்கள் அள்ளுகிற தண்ணீர் அந்தக் கல்லுக்குள் கிடந்து கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருவது. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. கல்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத அழுக்காகப் படியும். அதைத்தான் நான் கழுவக் கழுவ மேட்டின்மேல் பூசிக்கொண்டிருந்தேன், அவர்கள் தந்த தாளைப் பார்த்து.

மேட் செய்தவர்களுக்கு எங்கள் இணுவில் கிணற்றைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கல்லுத் தண்ணீர் யாழ்ப்பாணத்தில் மட்டுமா இருக்கிறது? சவர்க்காரம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு எத்தனையோ காலைகள் வீணாகியிருக்காது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சொல்கிறேன்: மழைக்காலத்தில் மழைத்தண்ணீரில் கழுவுங்கள். கோடையில் தண்ணீரோடு கொஞ்சம் வினாகிரி கலந்து துடைத்தால் பூச்சு ஓரளவு போகும். கைக்குக் கீழே சின்னப் பருத்தித் துவாயை நனைத்து நன்றாகப் பிழிந்து போட்டாலும் பிடிக்கும்.

வழுக்காமல் ஒட்டிப் பிடிக்கவென்று வந்த இந்த வகை மேட்டின் கதையைப் பிறகு தேடி வாசித்தேன். ஏஞ்சலா ஃபார்மர் என்ற யோகா ஆசிரியை 1982இல் ஜெர்மனியில் வகுப்பு நடத்தியபோது, கம்பளத்துக்கு அடியில் போடுகிற அடிவிரிப்பை வெட்டிப் பாவிக்கத் தொடங்கியதிலிருந்துதான் இது பரவியிருக்கிறது. இளவயதில் செய்த சத்திரசிகிச்சையால் அவருக்குக் கையிலும் காலிலும் வியர்ப்பதில்லை, வெறும் நிலத்தில் பிடிமானமும் இல்லை. வியர்க்காத கைக்காகப் பிறந்த சாமானை, சித்திரை வெயிலில் வியர்க்கிற எங்கள் கையில் தருகிறார்கள். வாசித்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. மாதிரி எங்கிருந்து வந்தது என்றாவது தெரிந்ததே.

இன்னொன்றும் தெரிந்தது. ஜூன் 21 யோகா தினத்துக்காக இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு (பாரம்பரிய மருத்துவத்துக்கான அமைச்சு) ஒரு பொதுப் பயிற்சி முறை வைத்திருக்கிறது. ஐ.நா. 2014 டிசம்பரில் அறிவித்து, 2015 முதல் கொண்டாடுகிற நாள் அது. யாழ்ப்பாணத்திலும் இந்தியத் துணைத் தூதரகம் அன்று நிகழ்ச்சி நடத்துகிறது. முக்கால் மணித்தியாலப் பயிற்சி: கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகளைத் தளர்த்தித் தொடங்கும், பிறகு தாடாசனம், விருட்சாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம், சேதுபந்தாசனம் என்று போய்ச் சவாசனத்தில் படுக்கவைக்கும், பிறகு மூச்சுப்பயிற்சியும் தியானமும். அதில் அதோமுக ஸ்வானாசனமே இல்லை. வீட்டில் தனியாகத் தொடங்குகிறவர்கள் அந்த வரிசையில் பாதியை எடுத்தாலே போதும். வீடியோக்காரர் ஏன் தொடக்கக்காரரை முதல் நாளே கையில் நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் நாரிக்கு உண்மையில் உதவியது சாப்பாட்டு மேசைக் கதிரை. யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் கதிரை, பட்டி, மரக்கட்டை எல்லாம் வைத்துப் படிப்பித்தவர் என்று அறிந்துதான் முயன்றேன். கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, இருக்கையில் கையை ஊன்றி, காலைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைப் பின்னுக்கு இழுத்தால், முதுகு நீளும், கையில் பாரமில்லை, வழுக்கலும் இல்லை. முதல்முறை செய்தபோது நாரியில் ஏதோ பூட்டுத் திறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து விடவில்லை. இந்தச் சந்தோசத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

சரி, தீர்ப்பு. முழங்காலைக் காத்தது, கிழியவில்லை, நிலத்தில் ஓடவில்லை, விலையும் குறைந்திருக்கிறது. இருந்தும் மச்சாளுக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். முழங்காலுக்குத் துவாயை நாலாக மடித்து வை, கதிரையை எடு, சுவரைப் பிடி, பாயில் படு. ஒரு மாதம் ஓடட்டும், பிறகு யோசிக்கலாம் என்றேன். கணக்குப் போட்டால் மேட்டுக்குத்தான் புள்ளி கூட வரும், அது எனக்கும் தெரியும். ஆனால் கையை ஊன்ற நம்பிக்கை தராத மேட்டைப் புதிதாகத் தொடங்குகிற ஒருத்திக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வாங்குவதென்றால் இயற்கை றப்பரில் செய்ததைப் பார்க்கச் சொன்னேன். பாரம் கூட, தொடக்கத்தில் மணக்கும், வெயிலில் போட்டால் வெடிப்பு விழும், றப்பர் ஒவ்வாதவர்களுக்குச் சரிவராது. ஆனால் கை பிடிக்கும். 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடத் தோட்டத்தில் றப்பர் கன்று நட்ட நாடு இது, இன்றும் றப்பர் ஏற்றுமதி செய்கிறோம். நான் ஏறி இறங்கிய யாழ்ப்பாணக் கடை ஒன்றிலும் இயற்கை றப்பர் மேட் இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்த பி.வி.சி. ஈரக்கையை வைத்துப் பார்க்கவும் விடுவதில்லை, உறையைப் பிரித்தால் வாங்க வேண்டும் என்கிறார்கள். கையை நனைத்து, ஊன்றிப் பார்த்து வாங்கக்கூடிய கடை எங்காவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், தடிப்பையும் விலையையும் சேர்த்து.